உள்ளூர் வீரரா, வெளிநாட்டு வீரரா?

முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது எமது மண்ணில் வழங்கும் பழமொழி. வாசலில் பூத்திருப்பதன் அருமை வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை என்பது அதன் பொருள். உதைபந்தாட்டக் கழகங்கள் தமது அணிக்கு யாரைச் சேர்ப்பது என்ற விவாதம் எழும்போதெல்லாம் இப்பழமொழி எமது நினைவுக்கு வருகின்றது. உள்ளூர் வீரர்களைக் கொண்டே களமிறங்குவதா, அல்லது பணம் கொடுத்து வெளியிலிருந்தும், இயலுமாயின் வெளிநாட்டிலிருந்தும், வீரர்களை அழைத்து வருவதா? உலகின் பெரும் கழகங்களை நீண்டகாலமாக அலைக்கழித்துவரும் இக்கேள்வி வன்னிப் பெருநிலப்பரப்பின் சிறிய கழகங்களுக்கும் உரியதே. இதனை வெறும் விளையாட்டுச் செய்தியாகக் கருதிக் கடந்து சென்றுவிட முடியாது. எமது பிள்ளைகளின் மாலைப்பொழுதும் எமது உறவுகள் அனுப்பும் பணமும் இதனுடன் பிணைந்திருக்கின்றன.

முதலில் உலக அனுபவத்தை நோக்குவோம். 1967இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற ஸ்கொட்லாந்தின் செல்ரிக் அணியில் ஆடிய அனைவரும் கிளாஸ்கோ நகரிலிருந்து 30 மைல் தூரத்துக்குள் பிறந்தவர்கள். அதற்கு 32 ஆண்டுகளின் பின்னர், 1999 டிசெம்பர் 26இல், இங்கிலாந்தின் செல்சி கழகம் ஒரு பிரித்தானிய வீரர்கூட இல்லாத ஆரம்ப அணியைக் களமிறக்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் நிகழ்ந்த பெருமாற்றம் 1995 டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பொஸ்மன் தீர்ப்பாகும். ஒப்பந்தம் முடிவடைந்த வீரரைப் பழைய கழகம் தடுத்து வைக்க முடியாது என்றும், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்களை வெளிநாட்டவர் எனக் கணக்கிட்டு எண்ணிக்கை வரம்பு விதிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. கதவு திறந்தது, பணபலம் படைத்த கழகங்களை நோக்கி வீரர்கள் பெருக்கெடுத்தனர்.

இந்த வெள்ளத்துக்கு எதிராக நிமிர்ந்து நின்ற கழகங்களும் உண்டு. ஸ்பெயினின் பில்பாவோ நகரின் அத்லெட்டிக் கழகம் நூறாண்டுக்கும் மேலாகப் பாஸ்க் பிரதேசத்தைச் சேர்ந்தவர்களையும் அங்கு பயிற்றப்பட்டவர்களையும் மட்டுமே சேர்த்து வருகின்றது. அக்கழகம் தனது நாட்டின் முதற்பிரிவிலிருந்து ஒருபோதும் தரமிறங்கியதில்லை. 1984இன் பின்னர் 40 ஆண்டுகள் காத்திருந்து 2024 ஏப்ரலில் மன்னர் கிண்ணத்தை மீண்டும் வென்றது. அதே பிரதேசத்தின் ரியல் சொசியடாட் கழகமோ தனது பாஸ்க் வீரர் மரபை 1989இல் கைவிட்டு, அயர்லாந்துக்காக ஆடிய ஜோன் ஆல்ட்ரிஜை ஒப்பந்தம் செய்தது. ஒரே மண், இரு வழிகள். உள்ளூர் வீரர்களை மட்டும் நம்பினால் அழிந்துவிடுவோம் என்பதும் உண்மையல்ல. அப்பாதை இலகுவானது என்பதும் உண்மையல்ல. பில்பாவோவின் உறுதிக்குப் பின்னால் பல்லாண்டுகளாகக் கட்டியெழுப்பப்பட்ட இளையோர் பயிற்சி முறை இருக்கின்றது. அது இல்லாதவர்கள் அக்கழகத்தின் கொள்கையை மட்டும் இரவல் வாங்கிப் பயனில்லை.

அண்டை நாடான இந்தியாவின் அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. கல்கத்தாவின் மோகன் பகான் கழகம் நீண்டகாலம் வெளிநாட்டு வீரர்களைச் சேர்க்காதிருந்து, 1991இல் நைஜீரியரான சீமா ஒகோரியைச் சேர்த்ததன் மூலம் அம்மரபை முடித்துக்கொண்டது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பமானபோது களத்தில் உள்ள 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என விதிக்கப்பட்டிருந்தது. பின்னர் அது 2017–18 பருவத்தில் 5 ஆகவும், 2021–22 பருவத்தில் 4 ஆகவும் குறைக்கப்பட்டது. எண்ணிக்கை குறைந்தபோதும் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. கழகங்கள் வெளிநாட்டவரைப் பெரும்பாலும் கோல் அடிக்கும் முன்களத்துக்கே அமர்த்தின. அந்த இடத்தில் ஆடிப் பழகும் வாய்ப்பு உள்நாட்டு இளைஞருக்குக் குறைந்தது. 2024 ஜூனில் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை 40 வயதில், 2025 மார்ச்சில், மீண்டும் தேசிய அணிக்கு அழைக்க நேர்ந்தமை இதன் விளைவுகளில் ஒன்று எனலாம். எத்தனை பேர் வருகின்றனர் என்பதைப் போலவே, வருபவர்கள் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பதும் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பையும் அதன் அயல் நகரங்களையும் சேர்ந்த முன்னணிக் கழகங்களில் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் வீரர்கள் ஆடுவது நீண்டகால வழக்கமாகும். 2021இல் 10 கழகங்களுடன் ஆரம்பிக்கப்பட்ட சூப்பர் லீக் தொடரில் களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் சம்பியனானது. ஆனால், அந்தப் பத்தில் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இருக்கவில்லை. உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் மன்னாரும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் பார்வையாளர் வரிசையிலேயே அமர்த்தப்பட்டன. எமது இளைஞர் ஒருவர் உயர்மட்டத்தில் ஆட விரும்பினால் தெற்கிலுள்ள கழகமொன்றிலோ கடல் கடந்தோ தான் ஆட வேண்டும். அங்கே அவரே வெளியூர் வீரர். அவரே வெளிநாட்டு வீரர்.

இதனை மறந்துவிட்டு வெளிநாட்டு வீரர்களைப் பற்றி நாம் பேசக்கூடாது. தேசிய அணியின் பின்கள வீரரான மன்னார் மைந்தர் டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவின் வலென்சியா கழகத்துக்காக ஆடிவந்த காலத்திலேயே 2022 பெப்ரவரியில் அங்கு உயிரிழந்தார். அந்தச் செய்தி வடபகுதியின் மைதானங்களையெல்லாம் உலுக்கியது. எங்கோ ஒரு நாட்டிலிருந்து எமது ஊருக்கு ஆட வருபவரும் இவ்வாறே ஒரு தாயின் பிள்ளை. குடும்பத்துக்காக உழைக்க வந்தவர். அவருக்கு எழுத்து மூல ஒப்பந்தமும் தங்குமிடமும் மருத்துவ வசதியும் உரிய காலத்தில் ஊதியமும் வழங்க முடியாத கழகம், வெற்றிக்கிண்ணத்துக்காக அவரை அழைக்கும் தார்மீக உரிமையற்றதாகும்.

தேசிய அணியின் அண்மைய அனுபவமும் சிந்தனைக்குரியது. நிர்வாகச் சீர்கேடுகளால் 2023 ஜனவரியில் இலங்கை சர்வதேச சம்மேளனத்தால் தடை செய்யப்பட்டது. அத்தடை அதே ஆண்டு ஓகஸ்டில் நீங்கியது. அதன் பின்னர் புலம்பெயர் நாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள் அணியில் பெருமளவில் இணைக்கப்பட்டனர். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், ஜேர்மனியில் வளர்ந்த பரத் சுரேஷ் போன்ற தமிழ்ப் பெயர்களும் அவற்றுள் அடங்கும். 2024 செப்ரெம்பரில் கம்போடியாவைத் தண்டனை உதைகளின் மூலம் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளின் அடுத்த சுற்றுக்கு இலங்கை முன்னேறியது. மகிழ்ச்சிக்குரிய வெற்றியே. எனினும், ஐரோப்பாவின் புல்தரைகளில் சிறுவயது முதல் பயிற்றப்பட்டவர்கள் வந்தபின்னரே அணி நிமிர்ந்தது என்றால், இங்கே பிறந்து இங்கேயே வளரும் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி எழுவது தவிர்க்க முடியாதது. வேறுபாடு இரத்தத்தில் இல்லை, பயிற்சியில் இருக்கின்றது.

வன்னியின் நிலைமையை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். 2009இல் போர் முடிவுற்றபோது இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. மீள்குடியேறிய மக்கள் கூரை வேய முன்னரே பற்றையை வெட்டி, கோல் கம்பம் நட்ட ஊர்கள் இங்கு பலவுண்டு. 2018இல் வடக்கு – கிழக்கு பிறீமியர் லீக் நடைபெற்றபோது கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வோரியர்ஸ் என எமது மாவட்டங்களின் பெயர் தாங்கிய அணிகள் களமிறங்கின. புலம்பெயர் உறவுகளின் முதலீடும் ஊக்கமும் அதற்குத் துணைநின்றன. எமது இளைஞர்களாலும் பெருந்திரளான இரசிகர்களை ஈர்க்க முடியும் என்பதை அத்தொடர் காட்டியது. ஆனால், ஆண்டுதோறும் தொடரும் நிலையான அமைப்பாக அது வேரூன்றவில்லை. பணம் ஒரு பருவத்துக்கு வந்து மறு பருவத்தில் நின்றுவிட்டால் எஞ்சுவது சீருடையும் புகைப்படமும் மட்டுமே.

ஆகவே, கடல்கடந்து வரும் பணம் எதற்குச் செலவிடப்பட வேண்டும் என்பதே வன்னியில் உண்மையான கேள்வி. ஒரு பருவத்துக்கு அழைத்துவரப்படும் முன்கள வீரர் கிண்ணம் வென்று தரலாம். அடுத்த பருவத்தில் கூடுதல் பணம் கொடுக்கும் கழகத்துக்கு அவர் போய்விடுவார். அதே பணத்தில் தகுதிபெற்ற பயிற்றுநர் ஒருவரை ஆண்டு முழுவதும் அமர்த்தினால், சப்பாத்தின்றி ஆடும் முப்பது நாற்பது பிள்ளைகள் ஒழுங்காகப் பந்தை நிறுத்தவும் கடத்தவும் கற்றுக்கொள்வார்கள். இன்று பதினாறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடும் வன்னிப் பிள்ளைகள் அனைவரும் போர் முடிந்தபின்னர் பிறந்தவர்கள். போதைப்பொருளும் வேலையின்மையும் அவர்களைச் சூழ்ந்து நிற்கும் வேளையில், மாலை நான்கு மணிக்கு மைதானத்தில் ஒரு பயிற்றுநர் காத்திருப்பது சிறிய விடயமல்ல.

அவ்வாறாயின் வெளியாரை முற்றாகத் தடைசெய்வதா? அதுவும் எமது நிலைப்பாடு அல்ல. வன்னியில் யார் வெளியார் என்பதே எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. இரணைமடுக் குளத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், 1958, 1977 வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்களும் சேர்ந்து வளர்த்த மண் இது. இத்தகைய மண்ணில் பிறந்த ஊரைப் பார்த்து வீரரை ஒதுக்குவது எமது வரலாற்றையே ஒதுக்குவதாகும். அத்துடன், தம்மிலும் சிறந்தவருடன் ஆடும்போதே இளைஞரின் ஆட்டம் உயர்கின்றது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இங்கிலாந்தின் பிறீமியர் லீக் 2010இல் வகுத்த விதி எமக்கு வழிகாட்டலாம். அங்கு 25 பேர் கொண்ட குழாமில் வெளியே பயிற்றப்பட்டவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. உள்நாட்டில் வளர்ந்தவர் என்பதற்கு அவரது கடவுச்சீட்டு பார்க்கப்படுவதில்லை. 21 வயது நிறைவடைய முன்னர் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கழகமொன்றில் மூன்று ஆண்டுகள் பதிவு செய்யப்பட்டிருந்தாரா என்பதே பார்க்கப்படுகின்றது. பிறப்பை அல்ல, வளர்ப்பை அளக்கும் விதி இது. எமது மாவட்ட லீக்குகளும் இதனைத் தமது அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். களத்தில் உள்ள 11 பேரில் குறைந்தது 8 பேர் மாவட்டத்துக் கழகங்களில் அல்லது பாடசாலைகளில் மூன்று ஆண்டுகளாவது பயிற்றப்பட்டவர்களாக இருக்கட்டும். ஏனைய மூவர் எங்கிருந்தும் வரலாம். அழைத்துவரப்படும் ஒவ்வொருவரும் வாரத்தில் இரு மாலைகளாவது சிறுவர்களுக்குப் பயிற்சியளிப்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். வெளிவீரருக்குச் செலவிடும் தொகைக்குக் குறையாத தொகையை இளையோர் அணிகளுக்கும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் அணிகளுக்கும், ஒதுக்காத கழகத்துக்கு வெளிவீரரைப் பதிவுசெய்ய அனுமதி மறுக்கலாம்.

வீரர் பதிவேடுகளை ஒழுங்காகப் பேணுவதும் அவசியம். வீரர் ஒருவர் கட்டணத்துடன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, அக்கட்டணத்தின் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. நாளை வன்னிச் சிறுவர் ஒருவர் உயர்ந்தால், அவரை வளர்த்த கிராமத்துக் கழகம் தனது பங்கைக் கோருவதற்கு அந்தப் பதிவே ஆதாரமாக இருக்கும்.

கிண்ணத்தை இரவல் வீரரைக் கொண்டும் வெல்லலாம். கழகத்தை அவ்வாறு வளர்க்க முடியாது. விருந்தினரை வரவேற்பது எமது பண்பு. ஆனால், வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு விருந்து வைப்பது பண்பாகாது. கழக நிர்வாகிகளும், மாவட்ட லீக்குகளும், புலம்பெயர் உறவுகளும் அடுத்த பருவத்துக்கான பணத்தைத் திரட்ட முன்னர் ஒன்றாக அமர்ந்து இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.