ஆலன் கீயும் டார்க்ஸ் கீயும்: நல்ல செட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்தப் பகுதிக்கு நான் வழக்கமாகப் பயிற்றிகளும் இலக்கணக் குறிப்புகளும்தான் அனுப்புவேன். இந்த முறை ஆலன் கீயைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

என் மூன்றாம் படிவ வகுப்பில் ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். ஒருநாள் காலையில் சரிவுப் பாதையில் பிரேக் போட்டு நின்றிருந்தவளின் நாற்காலி மெல்ல நகர ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, பக்கத்திலிருந்த தோழி பிடித்துக்கொண்டாள். டயரில் காற்று சரியாகவே இருந்தது. ஆனால் டயர் தேய்ந்துபோய், பிரேக் கட்டை அதை அழுத்திப் பிடிக்கவில்லை. பிரேக்கைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதானே என்று நினைத்து, அவள் அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டு, காரில் கிடந்த மலிவான செட்டை எடுத்து வந்தேன்.

முதல் போல்ட் தளர்ந்தது. இரண்டாவதில் சாவி "டக்"கென்று வழுக்கியது. மறுபடி அழுத்தித் திருப்பினேன். குழியின் ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாகிவிட்டன. சரிசெய்யப் போன நான், ஒரு பக்கப் பிரேக்கையே இல்லாமல் செய்துவிட்டேன்.

மாலையில் அவள் அம்மாவோடு சுபாங் ஜெயா எஸ்.எஸ். 15 பக்கம் உள்ள ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் என் சாவியைப் பார்த்ததும் சொன்னார்: "டீச்சர், இது அஞ்சு மில்லி இல்ல, இன்ச்சு சாவி. சாவி கெட்டா வேற சாவி வாங்கிக்கலாம். போல்ட் கெட்டா எப்படிக் கழட்டுவீங்க?"

நல்ல செட்டைத் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். சாவி குழியில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாத சாவி, தான் கெடுவதோடு போல்ட்டையும் கெடுத்துவிடும்.

அறுகோணக் குழி ஏன் வந்தது?

முற்காலத்துத் தொழிற்சாலைகளில் சுழலும் தண்டுகளில் சதுரத் தலைத் திருகாணிகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தொழிலாளர்களின் உடை அதில் சிக்கி விபத்துகள் நடந்தன. தலையை உள்ளே அடக்கிவிட்டு, குழிக்குள் சாவியை விட்டுத் திருப்பும் முறை இதற்குத் தீர்வாக வந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஆலன் 1910-இல் இத்தகைய திருகாணிகளுக்குக் காப்புரிமை பெற்றார். ஆலன் கீ என்ற பெயர் அவருடையதுதான்.

மில்லிமீட்டரா, இன்ச்சா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நம் நாட்டில் புழங்கும் சைக்கிள், மேசை நாற்காலி, சக்கர நாற்காலி பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பழைய அமெரிக்க இயந்திரங்களில் இன்ச்சு வரும். இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து விற்கும் செட்டுகளில்தான் ஆபத்து. 3/16 இன்ச்சு என்பது 4.76 மி.மீ. அது 5 மி.மீ. குழிக்குள் சுலபமாக நுழையும், பொருந்தியதுபோலவே இருக்கும். அழுத்தம் கொடுத்ததும் மூலையைத் தின்றுவிடும். நான் செய்த தவறு இதுவே.

வீட்டுக்கும் பள்ளிக்கும் 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 மி.மீ. என ஒன்பது சாவிகள் உள்ள செட் போதும். இவற்றில் அதிகம் கையில் எடுப்பது 4, 5, 6 தான். ஒவ்வொரு சாவியிலோ அதன் தாங்கியிலோ அளவு தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எஃகும் விளிம்பும்

பெட்டியில் "குரோம் வனேடியம்" அல்லது "எஸ் 2" என்று எஃகின் வகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே நல்லவைதான். ஆனால் பெயர் மட்டும் போதாது. சூடேற்றிப் பதப்படுத்திய விதமும் அளவின் துல்லியமும் முக்கியம். சாவியின் முனை நேராக வெட்டப்பட்டு, ஆறு விளிம்புகளும் கூர்மையாகத் தெரிய வேண்டும். விரலால் தடவும்போது மூலை உருண்டையாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

பள்ளி இயற்பியல் கூடத்தில் மைக்ரோமீட்டர் இருந்தால் அளந்தும் பார்க்கலாம். எதிர் எதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளக்க வேண்டும். நல்ல 5 மி.மீ. சாவி 5.00-க்கு மிக அருகில், அதற்குச் சற்றே குறைவாக இருக்கும். 4.8 என்று காட்டினால் அதை நம்பி அழுத்தாதீர்கள்.

உருண்டை முனை

சில சாவிகளின் நீண்ட கை உருண்டை முனையில் முடியும். நேராக நுழைக்க இடமில்லாத மூலைகளில் சாய்த்துத் திருப்ப இது உதவும். ஆனால் அதன் கழுத்து மெலிந்தது. வேகமாகச் சுழற்ற மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கடைசியாக இறுக்குவதும், இறுகியதை முதலில் தளர்த்துவதும் நேரான முனையால்தான் செய்ய வேண்டும்.

டார்க்ஸ் எதற்கு?

ஆறு இதழ் நட்சத்திரம் போன்ற குழியே டார்க்ஸ். அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் 1967-இல் உருவாக்கியது. அறுகோணச் சாவி குழியின் மூலைகளையொட்டித்தான் தள்ளும். அதனால் மூலை மழுங்குகிறது. டார்க்ஸில் வளைந்த இதழ்களின் பக்கங்கள் தள்ளுவதால் விசை பரவலாக விழுகிறது; வழுக்குவது குறைவு. அளவுகளை டி-10, டி-15, டி-20, டி-25, டி-30 என்று குறிப்பார்கள். சைக்கிள் டிஸ்க் பிரேக்கின் தட்டைப் பிடிக்கும் திருகாணிகள் பெரும்பாலும் டி-25. சில குழிகளின் நடுவே சிறு ஊசி நிற்கும். அதற்கு நுனியில் துளையுள்ள சாவி வேண்டும். டார்க்ஸ் குழியில் ஆலன் கீயைத் திணிக்கவே கூடாது.

விதிவிலக்கு ஒன்றை அன்று அந்தக் கடையில் பார்த்தேன். மழுங்கிப்போன 5 மி.மீ. குழியில் டி-30 முனை ஒன்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினார் அண்ணன். இதழ்கள் உலோகத்தைக் கவ்விக்கொள்ள, போல்ட் கழன்று வந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது எம் 6 போல்ட்டை மாட்டினார். கெட்டுப்போன போல்ட்டைக் கழற்றுவதற்கு மட்டுமே இந்த வழி.

எதை வாங்குவது?

அமெரிக்காவின் போண்டஸ், ஜெர்மனியின் வீஹா, வேரா, சுவிட்சர்லாந்தின் பி.பி. ஆகியவை பெயர்பெற்ற தயாரிப்புகள். பி.பி. விலை கூடுதல், நம் தேவைக்கு அது கட்டாயமில்லை. நாற்பது சாவிகள் உள்ள மலிவுப் பெட்டியைவிட, ஒன்பது நல்ல ஆலன் கீயும் டி-10 முதல் டி-40 வரை ஒரு டார்க்ஸ் செட்டும் மேல். அதுவும் முடியாவிட்டால் உங்களுக்குத் தேவையான மூன்று அளவுகளை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள்.

பயன்படுத்தும்போது குழியிலுள்ள மண்ணை முதலில் கிளறி எடுங்கள். சாவியை அடிவரை இறக்கிய பிறகே திருப்புங்கள். கைபலம் போதவில்லை என்று சாவியில் குழாயை மாட்டி நெம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து வையுங்கள்.

வகுப்பறையில்

இந்த அனுபவத்தை விளக்கக் கட்டுரைப் பாடமாக்கினேன். மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, ஒரு நாற்காலியின் போல்ட்டை இறுக்கும் முறையை ஒருவர் எழுத, மற்றவர் அதை வாசித்து, எழுதியபடியே செய்ய வேண்டும். "சாவியை விட்டுத் திருப்பவும்" என்று எழுதிய மாணவனிடம், "எந்தச் சாவி? எந்தப் பக்கம்?" என்று தோழன் கேட்டான். ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவியின் பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது. அவள் நாற்காலிப் பையில் நல்ல 5 மி.மீ. சாவி ஒன்று எப்போதும் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை போல்ட்டுகளை அவளே சரிபார்க்கிறாள். என் பழைய செட்டைக் கொடுத்தால் வாங்க மாட்டாள்.