பண்ணைக் காரியஸ்தருக்கு வேண்டிய திறமைகள்

நிலம் நல்லது, விதை நல்லது, உரமும் குறைவில்லை. ஆயினும் மகசூல் குன்றுகிறதே என்று வருந்தும் நிலச்சுவான்தார்கள் பலர் உளர். விசாரித்துப் பார்க்குமிடத்து, குறை மண்ணிலன்றி வேலையை நடத்துவிக்கும் முறையிலேயே இருப்பதைப் பல பண்ணைகளில் காணலாம். பண்ணையைத் தாமே நடத்துவோராயினும், காரியஸ்தரைக் கொண்டு நடத்துவோராயினும், நடத்துபவருக்குச் சில திறமைகள் இன்றியமையாதன. காவிரிப் பாசனப் பகுதியின் குறுவை நடவை உதாரணமாகக் கொண்டு அவற்றை இங்கு விளக்குவோம்.

முதலாவது, முன்யோசனை. வேலை முடிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். குறுகிய கால நெல்லின் நாற்று ஏறக்குறைய 25 நாள் வயதில் நடத்தக்கது. ஜூலை 5-ஆம் தேதி நடுவதாயின் ஜூன் 10-ஆம் தேதி நாற்றங்காலில் விதைக்க வேண்டும். விதையை ஒரு நாள் ஊறவைத்து ஒரு நாள் முளைகட்ட வேண்டுமாதலால், ஜூன் 8-ஆம் தேதியே நீரிலிடுதல் அவசியம். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 ஆயினும், அந்நீர் கடைமடையை அடையப் பல நாட்கள் செல்லும்; சில ஆண்டுகளில் திறப்பே தாமதப்படுவதும் உண்டு. ஆகையால் அணை திறக்கும் நாளை நம்பாது, தம் வயல் மடைக்கு நீர் வரும் நாளையே கணக்கிற் கொள்க. நாற்று முற்றிவிட்டால் தூர் கட்டுவது குறையும். பின்னர் எவ்வளவு உரமிட்டும் அந்நஷ்டத்தை முற்றிலும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவது, தெளிவாக ஏவுதல். "நன்றாக நடுங்கள்" என்பது ஏவலாகாது. வரிசைக்கு வரிசை 6 அங்குலம், குத்துக்குக் குத்து 4 அங்குலம், குத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாற்று, ஆழம் சுமார் ஓர் அங்குலம் என்று கூறி, முதல் வரிசையை நடச்செய்து காட்டுக.

மூன்றாவது, தக்க நேரத்தில் பார்வையிடுதல். மாலையில் வரப்பில் நின்று குறைகூறுவதால் பிரயோஜனம் இல்லை. காலையில் நடவு தொடங்கியதும் பார்த்தால் பிழை சில வரிசைகளோடு நின்றுவிடும்.

நான்காவது, ஆட்களிடம் நடந்துகொள்ளும் முறை. பேசிய கூலியை அன்றன்றே கொடுத்தல் வேண்டும். தவறு செய்தவரைப் பலர் முன்னிலையில் கடியாது தனியே திருத்துக. நீர் பாய்ச்சுவதை ஒருவரிடம் ஒப்புவித்தபின் அடிக்கடி குறுக்கிடலாகாது. நட்டுப் பழகிய பெண்கள், "சேறு இன்னும் படியவில்லை" என்று சொல்வார்களாயின், அதைக் கேட்டு நடப்பவரே விவேகமுள்ள காரியஸ்தர்.

ஐந்தாவது, நாட்குறிப்பு. சர்வே எண், விதைத்த தேதி, நட்ட தேதி, வந்த ஆட்கள், கொடுத்த கூலி, இட்ட உரம் ஆகியவற்றை அன்றிரவே எழுதுக. சென்ற ஆண்டின் தவறு எங்கு நேர்ந்தது என்பதை இக்குறிப்பே காட்டும். அடங்கலில் பயிரைப் பதியும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இது நல்ல துணையாகும். அவ்வலுவலர்களும் நீர்முறை வரும் நாட்களை அறிந்தவுடன் குடியானவர்களுக்குத் தெரிவிப்பார்களாயின், நாற்று வீணாவது பெரிதும் தடுக்கப்படும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. அடுத்த நடவிற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, அதன் முதற்பக்கத்தில் நட வேண்டிய நாளை எழுதிப் பின்னோக்கி எண்ணத் தொடங்குவீர்களாக.