காலி செய்யச் சொல்லக் காரணம் வேண்டாமா?

(வாடகை வீடு – 9)

ரவாங்கில் வேலை செய்யும் ஒருவரை முதலாளி நீக்கினால், மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கிறது. நியாயமான காரணமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று 60 நாட்களுக்குள் அவர் முறையிடலாம். காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதே மனிதரிடம் வீட்டுக்காரர் "அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள்" என்று சொன்னால், ஏன் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பூட்டை மாற்றிச் சாமான்களை வெளியே வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது என்பது உண்மை. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி அவர் நீதிமன்றம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். ஆனால் அந்த நீதிமன்றம் பார்ப்பது, வாடகைக் காலம் முடிந்ததா, முறையாக அறிவிப்புக் கொடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே. கூரை ஒழுகுகிறது என்று புகார் சொன்னதற்காக அனுப்புகிறாரா என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டார்களே, அறிவிப்புக் கொடுத்தால் போதாதா என்பார்கள். இதே வாதத்தை முதலாளிகளும் முன்வைத்தார்கள். 1981இல் ஜே அண்ட் பி கோட்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தப்படி அறிவிப்புக் கொடுத்து நிறுத்தினாலும் நீக்கம் நீக்கம்தான், காரணம் உண்மையா என்று ஆராய்ந்தே தீர வேண்டும் என்றது. வேலைக்குப் பொருந்தும் இந்த நியாயம் வீட்டுக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். வீடு மாறினால் பிள்ளையின் தமிழ்ப்பள்ளி மாறுகிறது, வேலைக்குப் போகும் தூரம் மாறுகிறது, புதிய முன்பணம் புரட்ட வேண்டியிருக்கிறது. தோட்டங்கள் விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியர்களுக்கு வீடு தருவதில்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்யும் சந்தையில், இன்னொரு வீடு தேடுவது நம்மவர்களுக்குக் கூடுதல் பாடு.

வலுவான மறுப்பு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டி வருகிறது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை அது கட்டிப்போட்டது. உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை விட்டார்கள், கட்டடங்கள் சிதைந்தன. இந்தக் குறை மெய்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டு அம்சங்கள் சேர்ந்தே இருந்தன: வாடகைக்கு உச்சவரம்பு, வெளியேற்றக் குறிப்பிட்ட காரணம். 1997இல் சட்டத்தை ரத்து செய்தபோது, பழுதானதோடு சேர்த்து நல்லதையும் தூக்கி எறிந்துவிட்டோம். 1999 இறுதியில் இடைக்காலப் பாதுகாப்பு முடிந்ததும் பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. வாடகையைச் சந்தையிடம் விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் கேட்க முடியும். ஆனால் ஆளைக் கிளப்புவதற்கென்றே திடீரென வாடகையை இரட்டிப்பாக்கினால், அதையும் காரணமில்லாத வெளியேற்றமாகவே கருத வேண்டும்.

வாடகை தராதவர் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? வீட்டுக்கடன் கட்டும் சாதாரண உரிமையாளரின் இந்தக் கவலை நியாயமானது. வாடகை பாக்கியே காரணங்களில் முதலாவது. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டுமென்றே கட்டாதவரையும் கட்ட இயலாமல் போனவரையும் பிரித்துப் பார்த்தது. பின்னவருக்கு 15 நாள் வரை அவகாசம் தர இடமளித்தது. சொந்தத் தேவை, உள்வாடகை, இடித்துக் கட்டுதல் ஆகியவையும் அதில் காரணங்களே. உரிமையாளரின் உண்மையான இடர் வழக்கு இழுப்பதுதான். அதற்கு மருந்து விரைந்து தீர்க்கும் நடுவர் மன்றம்.

குடியிருப்பு வாடகைச் சட்டம் வரும் என்று நம் வீடமைப்பு அமைச்சு 2019 முதல் சொல்லிவருகிறது. வரைவு எழுதுகிறவர்கள் தமிழ்நாட்டின் புதிய சட்டத்தையும் படிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அது, வாடகையை இரு தரப்பும் பேசி முடிக்க விட்டுவிட்டு, வெளியேற்றத்துக்குக் காரணப் பட்டியல் வைத்தது. ஆனால் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கையெழுத்திட மறுக்கும் உரிமையாளரே அந்த மறுப்பைக் காரணமாகக் காட்டலாம். நம் சட்டத்தில் அந்த ஒரு வரி நுழையக் கூடாது.