ஒரே எடை, நான்கு பட்டங்கள்

தொழில்முறைக் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பிரிவில் 200 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 91 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் மோதுகிறார்கள். எடைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரே ஒரு சாம்பியன் என்பதும் இங்கே அபூர்வம். டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்குகின்றன. தான் சுட்டும் எதிராளியைச் சந்திக்காத சாம்பியனிடமிருந்து பட்டத்தைப் பறிக்க எந்த அமைப்பும் தயங்குவதில்லை. 1978-இல் முகமது அலியை வென்ற லியோன் ஸ்பிங்க்ஸ், கென் நார்ட்டனைத் தவிர்த்து அலியுடனேயே மறுபடி மோத முடிவு செய்தார். டபிள்யூ.பி.சி. பட்டம் நார்ட்டன் கைக்குப் போனது, அதற்கென ஒரு குத்துகூட விடாமல்! 1992-இல் சாம்பியனாக இருந்த ரிடிக் போ லண்டனில் செய்தியாளர்கள் முன்னிலையில் அதே அமைப்பின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவர் சந்திக்க வேண்டியிருந்த லெனாக்ஸ் லூயிஸுக்குப் பட்டம் கிடைத்தது. 1999-இல் இவாண்டர் ஹோலிஃபீல்டை வென்ற லூயிஸ், அன்று முக்கியமாகக் கருதப்பட்ட மூன்று பட்டங்களையும் ஒன்று சேர்த்தார். நான்கையும் முதலில் சேர்த்தவர் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை அவர் வென்றார். சில வாரங்களிலேயே ஐ.பி.எஃப். பட்டத்தை விட நேர்ந்தது. ஃபியூரியுடன் மறுமோதலுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்ததால், அந்த அமைப்பு சுட்டிய எதிராளியை அவரால் சந்திக்க முடியவில்லை. அந்தப் பட்டம் டேனியல் டுபுவாவிடம் போனது. 2025 ஜூலையில் வெம்ப்ளி அரங்கில் டுபுவாவை வீழ்த்தி உசிக் அதை மீட்டார்.