குழந்தை மயங்கி விழுந்தால்

ஆவணிப் புழுக்கத்தில் பள்ளி வழிபாட்டு வரிசையில் நெடுநேரம் நின்ற சிறுவன், முகம் வெளிறிச் சரிந்து விழுகிறான். மகாஷ்டமி காலையில் அஞ்சலி முடியும்வரை ஒன்றும் உண்ணாமல் பூஜைப் பந்தலில் நிற்கும் சிறுமிக்கும் அவ்வாறே நேர்கிறது. கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இவை புதியன அல்ல. சிலர் இதனைக் காக்காய் வலிப்பென்று அஞ்சுவர். சிலர் நடிப்பென்று கடிவர். பெரும்பாலும் இரண்டும் தவறு.

நிற்கையில் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி அதனை மேலே செலுத்துகின்றன. உடலில் நீர் குறைந்தாலோ, வெப்பமோ அச்சமோ மிகுந்தாலோ இவ்வொழுங்கு தளர்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைகிறது. படுத்ததும் விரைவில் தெளிந்துவிடும். மயக்கத்தினூடே கைகால்கள் சில விநாடிகள் உதறுவதும் உண்டு. அதனை மட்டும் கொண்டு வலிப்பென்று முடிவு செய்தலாகாது.

மருத்துவர் பிள்ளையைப் படுக்க வைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளப்பார்; பின் நிற்கச் செய்து 10 நிமிடம்வரை மீண்டும் அளப்பார். 3 நிமிடத்திற்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி குறைவது ஒரு வகைக் கோளாறு. 12 முதல் 19 வயதுவரை உள்ளோர்க்கு, அழுத்தம் குறையாமலே நாடி நிமிடத்திற்கு 40 துடிப்போ அதற்கு மேலோ உயர்ந்து, நிற்கும்போதெல்லாம் தலைசுற்றல் மாதக் கணக்கில் தொடர்வது 'பாட்ஸ்' எனப்படும் மற்றொரு வகை. எவ்வகையாயினும் ஈ.சி.ஜி. ஒன்று எடுத்தல் இன்றியமையாதது.

ஏனெனில், ஓடும்போதோ நீந்தும்போதோ, உரத்த ஒலி கேட்டோ, முன்னறிகுறி ஏதுமின்றியோ விழுந்தால் இதயக் கோளாறு இருக்கக்கூடும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருப்பினும் காலந்தாழ்த்தாது இதய மருத்துவரிடம் காட்டுக.

விழுந்த பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துக. தெளியுமுன் வாயில் நீரோ சோடாவோ ஊற்றலாகாது. கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. ஓரிரு நிமிடங்களில் தெளியாவிடில் மருத்துவமனைக்கு விரைக.

சாதாரண மயக்கத்திற்குச் சிகிச்சை எளியது. உப்பு, சர்க்கரை, நீர் ஆகியவற்றின் ஆற்றலை 1971இல் பன்காவ் அகதி முகாமில் காலரா நோயாளரிடம் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் மெய்ப்பித்த மண்ணன்றோ இது! நாள் முழுதும் போதிய நீர், காலையில் தவறாத உணவு, மருத்துவர் இசைந்தால் உப்பிட்ட மோர், இவையே முதன்மை மருந்து. கண் இருளும்போதே உட்கார்ந்துவிடவும், நிற்க நேரின் கால்களைப் பின்னித் தொடைகளை இறுக்கவும் பிள்ளைக்குப் பழக்குக. மாத்திரை சிலருக்கே தேவைப்படும்.

தாய்மார்களே! வங்காள மருத்துவரிடம் 'மாத்தா குர்ச்சே' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பிள்ளை நின்றானா ஓடினானா, உண்டிருந்தானா, வியர்த்ததா, எத்தனை நேரத்தில் தெளிந்தான் என்பவற்றை அன்றே எழுதிவைத்துக் காட்டுங்கள். நோயை அறிய அக்குறிப்பே பெருந்துணை.