டீ டைம் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்

கோடை வந்தால் இதே புகார் காதில் விழத் தொடங்கிவிடும். சென்னையிலோ கோவையிலோ கிளப்பில் பல வருடம் கோல்ஃப் ஆடியவர், நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகிறார். டி.வி.யில் பார்த்த பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் ஒரு ரவுண்டு ஆடிவிட வேண்டும் என்று ஆசை. இணையத்தில் தேடினால் இடம் இல்லை. யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில், சனிக்கிழமை காலை நாலு பேருக்கு டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், கையில் இருப்பதாகச் சொல்கிறார். மருமகனின் ஃபோனிலிருந்து ஸெல் (Zelle) எனும் பணம் அனுப்பும் சேவை வழியாகப் பணம் போகிறது. சனிக்கிழமை விடியற்காலை கவுன்ட்டரில் போய் நின்றால் பட்டியலில் பெயர் இல்லை. பதிவு இருந்தாலும் அது முன்பின் தெரியாத ஆள் பெயரில் இருக்கிறது. அடையாள அட்டை கேட்டதும் ஆட்டம் முடிந்தது. வாட்ஸ்அப்காரர் ஃபோனை எடுப்பதில்லை.

ஏமாந்தவர்களில் பாதிப்பேர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் என்பதுதான் எரிச்சல். தீபாவளிக்கு முதல் வாரம் ரயில் டிக்கெட்டுக்கு ஏஜென்டைப் பிடிக்கிற பழக்கம் கடல் தாண்டியும் விடவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் கிளப் மைதானங்கள் பலவற்றில் ஆட உறுப்பினராகவோ உறுப்பினரின் விருந்தினராகவோ இருக்க வேண்டும். யாரையாவது தெரிந்திருந்தால்தான் கதவு திறக்கும். நியூயார்க்கின் பொது மைதானங்களில் சிபாரிசு தேவையில்லை. பணம் கட்டும் யாரும் ஆடலாம், உறுப்பினர் சீட்டோ ஹேண்டிகேப் சான்றிதழோ வேண்டாம். உரிமையாக உள்ளதை ஏன் இடைத்தரகரிடம் விலைக்கு வாங்குகிறீர்கள்?

மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அது யாருடையது என்று பாருங்கள். பின்னால் பணம் திரும்பப் பெறுவதும் புகார் கொடுப்பதும் இதைப் பொறுத்தே இருக்கிறது. நியூயார்க் நகரப் பூங்காத் துறைக்குப் பத்துக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உண்டு: பிராங்க்ஸில் வான் கார்ட்லாண்ட், பெல்ஹாம் பே, ஸ்ப்ளிட் ராக், புரூக்ளினில் டைக்கர் பீச், மரைன் பார்க், குவீன்ஸில் ஃபாரஸ்ட் பார்க், கிஸ்ஸீனா, ஸ்டேட்டன் ஐலண்டில் லா டூரெட், சில்வர் லேக். நிலம் நகரத்தினுடையது, நடத்துவது ஒப்பந்த நிறுவனம். உங்கள் கார்டில் பணம் எடுப்பது அந்த நிறுவனம்தான். நகரை ஒட்டிய லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ், நியூயார்க் மாநிலப் பூங்கா. இரண்டுக்கும் புகார் போகும் இடம் வேறு. பொது மைதானம் என்றாலே மலிவு என்றும் நினைக்க வேண்டாம். பிராங்க்ஸில் பழைய குப்பைக் கிடங்கின் மேல் ஜாக் நிக்லஸ் வடிவமைத்து 2015இல் திறந்த ஃபெர்ரி பாயின்ட்டும் நகரத்தின் நிலம்தான். வெளியூர்க்காரருக்கு அங்கே ஒரு ரவுண்டுக்குச் சொல்லும் தொகை, மற்ற நகர மைதானங்களில் பலமுறை ஆடப் போதும்.

பெத்பேஜில் பிளாக், ரெட், புளூ, கிரீன், யெல்லோ என்று ஐந்து மைதானங்கள். எல்லோரும் பிளாக்கையே கேட்கிறார்கள். டில்லிங்காஸ்ட் வடிவமைத்து 1936இல் திறந்தது. 2002, 2009 யு.எஸ். ஓப்பன், 2019 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், 2025 ரைடர் கப் எல்லாம் நடந்த இடம். பின் டீயிலிருந்து 7,400 கெஜத்துக்கு மேல். கார்ட் வண்டி கிடையாது, 18 குழியும் நடந்தே ஆக வேண்டும், வேண்டுமானால் பை தூக்கக் கேடி வைத்துக்கொள்ளலாம். மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுவது நல்லது என்று முதல் டீ அருகிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதன் முன் நின்று படம் எடுக்கிறோம், எழுதியிருப்பதை எடுத்துக்கொள்வதில்லை. நூறுக்குக் கீழே அடிக்கவே திணறுகிறவர், முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறவர், ஜூலை வெயிலில் அந்த மேட்டிலும் மணலிலும் ஏறி இறங்குவது வீரம் அல்ல. பின்னால் வரும் குழுக்களும் உங்களுக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கும். ஆசை விடவில்லை என்றால் பக்கத்திலேயே ரெட் இருக்கிறது. அதுவும் நல்ல மைதானம், நெரிசல் குறைவு.

கார் ஓட்டாதவருக்கும் முதல்முறை ஆடுகிறவருக்கும் நான் சொல்வது வான் கார்ட்லாண்ட். 1895இல் திறந்தது, அமெரிக்காவின் மிகப் பழைய பொது கோல்ஃப் மைதானம். 1ஆம் எண் சப்வே ரயிலின் கடைசி நிறுத்தமான 242ஆம் தெருவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். புரூக்ளினில் தங்கியிருந்தால் டைக்கர் பீச். ஆர் ரயிலில் 86ஆம் தெருவில் இறங்க வேண்டும். பெத்பேஜுக்கு லாங் ஐலண்ட் ரயிலில் ஃபார்மிங்டேல் வரை போய், அங்கிருந்து டாக்ஸி. அந்த டாக்ஸிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெத்பேஜில் முன்பதிவு மாநிலப் பூங்காத் துறையின் சொந்த இணையதளத்தில்தான். நியூயார்க் மாநிலவாசிக்கு ஏழு நாள் முன்பு திறக்கும், மற்றவர்களுக்கு ஐந்து நாள் முன்பு. கட்டணமும் வேறு: பிளாக்கில் வெளிமாநிலத்தார் கட்டுவது உள்ளூர்க்காரரைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ. இங்கே பலர் வழுக்குகிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் நியூயார்க் மாநிலவாசி அல்ல. அவருக்கும் ஐந்து நாள், அவருக்கும் வெளியூர்க் கட்டணம். மன்ஹாட்டனில் இருக்கும் நண்பர் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் பதிவு செய்தால் அந்தச் சலுகை அவருக்கு மட்டும், கூட வரும் உங்களுக்கு அல்ல. ஆளுக்கு ஆள் கட்டணம் வேறுபடும் என்பதைப் புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் நின்று வாக்குவாதம் செய்து பயனில்லை.

இணையத்தில் இடம் கிடைக்கவில்லையா? பிளாக்கில் நேரில் வருகிறவர்களுக்கென்று சில டீ டைம்களை ஒதுக்கி வைக்கிறார்கள். அதற்காக எண் போட்ட இடத்தில் காரை நிறுத்தி, இரவு முழுக்க அதிலேயே தூங்கி, விடியும் முன் வரிசையில் நிற்கிறார்கள். கஷ்டம்தான், ஆனால் நேர்மையான வழி. தனி ஆளாகப் போனால் ஆள் குறையும் குழுவில் சேர்த்துவிட வாய்ப்பு அதிகம். வார நாள் மதியத்துக்கு மேல் கேட்டுப் பாருங்கள், மாலைக் கட்டணமும் குறைவு.

தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மைதானங்களில் தரகர்கள் காலை நேரங்களை மொத்தமாக அள்ளி லாபத்துக்கு விற்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கொதித்த பிறகு, 2024இல் அந்நகரம் ஆளுக்கு 10 டாலர் திருப்பித் தராத முன்பணம் என்று விதி போட்டது. வருடக்கணக்கில் புகார் வந்தும் அதிகாரிகள் அசையாதிருந்த கதை அங்கேயும் உண்டு. தண்டனை யாருக்கு விழுந்தது பாருங்கள்: ஒழுங்காகப் பதிவு செய்கிறவருக்கும் அந்தப் பத்து டாலர் சேர்த்துத்தான்.

பதிவு செய்யும்போது மூன்று விஷயங்கள். பதிவு உங்கள் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். பணம் கிரெடிட் கார்டில் மட்டும். ரத்து விதி உள்ள பக்கத்தை அன்றைய தேதியோடு படம் எடுத்து வையுங்கள். எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்தால் பணம் திரும்பும், வராமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். மழை வந்தால் பாதி ரவுண்டுக்கு ரெயின் செக் சீட்டு தருவார்களா, அது எத்தனை நாள் செல்லும் என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். அடுத்த வாரம் ஊர் திரும்புகிறவருக்கு அந்தச் சீட்டால் உபயோகமில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு, இதை யாரும் கேட்பதில்லை: கிரீனில் எப்போது துளை போட்டார்கள்? வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மண்ணுக்குக் காற்றுப் போகத் துளையிட்டு மணல் தூவுவார்கள். அந்த வாரங்களில் புட் அடிப்பது சுகமில்லை, முழுக் கட்டணம் வாங்கிவிட்டுத் தானாக முன்வந்து சொல்லவும் மாட்டார்கள்.

நம் ஊர் வங்கிக் கார்டு கொண்டுபோகிறவர்கள் புறப்படும் முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதுக் கார்டில் அது மூடியே வரும்.

ஏமாந்தாகிவிட்டது என்றால், செய்ய வேண்டியது இது. அமெரிக்க கிரெடிட் கார்டில் பணம் போயிருந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள், பில்லிங் தகராறுகளுக்கென்று கார்டு நிறுவனம் தரும் முகவரிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள், அது வேறு. பெயர், கணக்கு எண், தொகை, ஒத்துக்கொண்ட சேவை கிடைக்கவில்லை என்ற காரணம், பதிவு உறுதி நகல், கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிய நாளும் நேரமும் இருக்கட்டும். 30 நாளில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், இரண்டு பில்லிங் சுற்றுக்குள், அதிகம் போனால் 90 நாளில், முடிவு சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இந்திய கார்டு என்றால் வங்கியில் டிஸ்பியூட் படிவம் கொடுத்து, புகார் எண்ணை வாங்காமல் விடாதீர்கள். கார்டு விவரம் திருடப்பட்டு உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லுங்கள். வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, தந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனின் சி.எம்.எஸ். எனும் புகார்த் தளம், சந்தேகத்துக்கு 14448. ஃபோனில் பேசிய கிளை மேலாளர் பார்த்துக்கொள்கிறேன் என்றார் என்பது புகார் ஆகாது. எண் இல்லாத புகார், கொடுக்காத புகார்.

ஸெல்லில் அனுப்பிய பணத்துக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. நீங்களே மனமறிந்து அனுப்பியது என்று வங்கி பெரும்பாலும் கைவிரித்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், டீ டைமுக்கு ஸெல்லில் பணம் அனுப்பாதீர்கள்.

நகர மைதானத்தின் ஒப்பந்த நிறுவனம் தவறாகப் பணம் எடுத்திருந்தால் நகரின் 311 உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். நகருக்கு வெளியிலிருந்து 212-639-9675. மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். சிறு வழக்கு நீதிமன்றம் 10,000 டாலர் வரையிலான வழக்கை விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டாம், மனுக் கட்டணம் 15 அல்லது 20 டாலர்தான். ஆனால் விசாரணை நாளன்று நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சொந்தப் பையை விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளப் உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே பையைத் திறந்து பார்த்து, பி.ஐ.ஆர். எனும் பேக்கேஜ் புகார்ச் சீட்டு வாங்குங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள்; அதற்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்துப் புகாரைக் கொடுத்துவிடவோ அனுப்பிவிடவோ வேண்டும்.

அடுத்து, பந்து. இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். லாங் ஐலண்டில் நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஒருவர் அடித்த பந்து கோணல்மாணலாகப் போய்க் கூட ஆடியவரின் கண்ணில் பட்டது. குரல் கொடுத்து எச்சரிக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். கோல்ஃபில் பந்து திசை மாறுவது ஆட்டத்தோடு வரும் ஆபத்து, தெரிந்தே ஏற்றுக்கொண்டது என்று நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2010இல் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆகவே அடித்தவரிடம் நஷ்டஈடு வாங்கலாம் என்று நம்பி நிற்காதீர்கள். பயணக் காப்பீடு இல்லாமல் அங்கே மட்டை பிடிக்க வேண்டாம். பாலிசியில் விளையாட்டுக் காயம் சேர்த்தியா, உங்கள் பந்து அடுத்தவர் மேல் பட்டால் உங்கள் பொறுப்பு சேர்த்தியா என்று இரண்டையும் படியுங்கள். கார்ட் வாடகைக்கு எடுக்கும்போது கையெழுத்துப் போடும் தாளையும் படியுங்கள். கவிழ்த்தால் செலவு யாருடையது என்று அதில் இருக்கும்.

மைதானத்தின் பராமரிப்புக் குறையால், உடைந்த படிக்கட்டாலோ பிரேக் பிடிக்காத கார்ட்டாலோ அடிபட்டால் கதை வேறு. மேலாளரிடம் விபத்து அறிக்கை எழுதச் சொல்லி நகல் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இடத்தைப் படம் எடுங்கள். நகர மைதானமானால் நோட்டரி முன் உறுதிசெய்த நோட்டீஸ் ஆஃப் கிளெய்ம், மன்ஹாட்டன் 1 சென்டர் ஸ்ட்ரீட்டில் உள்ள நகர கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு 90 நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். அவர்களின் இணையவழியிலும் போடலாம். நடத்துகிற ஒப்பந்த நிறுவனத்தின் மேல் வழக்கு தனியாக. பெத்பேஜ் மாநிலத்துடையது என்பதால் அங்கே கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ், அதற்கும் 90 நாள். முன்னறிவிப்பு மாநில அட்டர்னி ஜெனரலிடம் நேரிலோ, பெற்றதற்கு ஒப்பம் வாங்கும் சர்ட்டிஃபைட் மெயிலிலோ போக வேண்டும். சாதாரணத் தபாலில் போட்டால் செல்லாது. 311இல் சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள், அது நோட்டீஸ் அல்ல. ஊர் திரும்பிக் கட்டுப் பிரித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவருக்கு 91ஆம் நாள், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடுவது ஒன்றே மிச்சம். கிடைக்கும் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி தர மாட்டார்.