படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு எதற்கு?

பூனா எரவாடாவில் நம் கற்போர் மையம் இரவு எட்டு மணிக்குக் கூடும். ஒரு நாள் ஓர் அக்கா கோபமாக வந்தார். கட்டட வேலை செய்பவர்.

"தம்பி, எங்க மேஸ்திரி சொல்றாரு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஓட்டே கொடுக்கக் கூடாதாம். அதனாலதான் நாடு கெட்டுப் போச்சாம். வெளிநாட்டுல எல்லாம் அப்படி இல்லையாம். நிஜமா?"

வெளிநாட்டில் எப்படி இருந்தது? பார்ப்போம்.

அமெரிக்கா பணக்கார நாடு. பழைய ஜனநாயக நாடு. அங்கே தென் மாநிலங்களில் ஓட்டுக்குப் பெயர் பதிய ஒரு பரீட்சை வைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் ஒரு பகுதியைக் காட்டி, "படி, பொருள் சொல்" என்பார் அதிகாரி. எந்தப் பகுதி என்பது அவர் இஷ்டம். பாஸா, பெயிலா என்பதும் அவர் இஷ்டம். வெள்ளைக்காரர் வந்தால் சுலபமான வரி. கறுப்பு இன மக்கள் வந்தால் கடினமான வரி. நன்றாகப் படித்த கறுப்பர்கள்கூடப் பெயில் ஆனார்கள். படிப்பைச் சோதிக்கவா அந்தப் பரீட்சை? இல்லை, ஆளைத் தடுக்கத்தான். கறுப்பின மக்கள் போராடினார்கள். அடி வாங்கினார்கள், உயிரும் போனது. 1965இல் வந்த சட்டம் தென் மாநிலங்களில் இந்தப் பரீட்சையை நிறுத்தியது. 1970இல் நாடு முழுவதும் நின்றது.

சுவிட்சர்லாந்தையும் பெரிய ஜனநாயக நாடு என்பார்கள். அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வந்தது 1971இல்தான்!

நம் நாட்டிலும் வெள்ளைக்காரர் ஆட்சியில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. வரி கட்ட வேண்டும், அல்லது நிலம் வேண்டும், அல்லது படிப்பு வேண்டும். கூலிக்காரருக்கு இந்த மூன்றும் ஏது?

1928இல் சைமன் கமிஷன் என்ற குழு லண்டனிலிருந்து வந்து பூனாவில் விசாரணை நடத்தியது. டாக்டர் அம்பேத்கர் அதன் முன் போய் நின்றார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு எழுதிய அறிக்கையில் காரணமும் சொன்னார். எழுத்து தெரியாதவர் என்றால் அறிவு இல்லாதவர் என்று நினைப்பது தவறு. எழுத்து தெரிந்துவிட்டால் அறிவு வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. மேஸ்திரிக்கு இந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

சுதந்திரம் வந்த பின் அப்படியே ஆனது. அப்போது நம் மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் ஆண், பெண், ஏழை, பணக்காரர், எந்தச் சாதியானாலும் 21 வயது ஆனவருக்கு ஓட்டு. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் 17 கோடிக்கு மேல். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேல் காளை மாடு, குடிசை என்று சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சின்னம் நமக்காக வந்தது.

அந்தத் தேர்தலில் ஒரு குறையும் உண்டு. பெயர் எழுத வந்தவரிடம் பல பெண்கள், "இன்னாரின் மனைவி", "இன்னாரின் அம்மா" என்றுதான் சொன்னார்கள். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொடுத்த ஓட்டைப் பறிக்க முடியுமா? முடியும். இலங்கையைப் பாருங்கள். நமக்கு இருபது ஆண்டு முன்பே, 1931இல், அங்கே ஆண், பெண் இருவருக்கும் ஓட்டு வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழ் மக்களும் ஓட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்குக் காகிதம் ஏது? லட்சக்கணக்கானவர் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போனது. பலர் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே தங்கியவர்களில் மிச்சமிருந்தவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு!

ஓட்டு இருந்தும் தேர்தல் நடக்கவில்லை என்றால்? அது நம் பூனாவிலேயே நடந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாநகராட்சித் தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். கார்ப்பரேட்டர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. இட ஒதுக்கீடு, வார்டு பிரிப்பு என்று வழக்குகள் இழுத்தன. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15இல்தான் நடந்தது. நடுவில் ஏறக்குறைய நான்கு ஆண்டு, அதிகாரிதான் நிர்வாகம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எந்தக் கார்ப்பரேட்டர் வீட்டுக்குப் போவது? பணக்கார நாடா, ஏழை நாடா என்பதை விட்டுவிட்டு, இந்த மாதிரிக் கேள்விகளால்தான் ஜனநாயகத்தை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது 18 வயது ஆனால் ஓட்டு உண்டு. பட்டியலில் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவம். பெயரில் பிழை இருந்தால் எட்டாம் எண் படிவம்.

மறுவாரம் அந்த அக்கா வாக்காளர் பட்டியலைப் பார்க்கப் போனார். பட்டியல் மராத்தியில் இருந்தது. திரும்பி வந்து சிலேட்டை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, என் பேரை மராத்தியில எழுதிக் காட்டுங்க."